எதிரே வருகிற குதிரை

கதைப்படி ராணியின் புருஷன் கோட்டை வாசலில் செத்துக் கிடக்கிறான். உட்கார்ந்து அழ நேரமில்லை. அவன் கவசத்தையே எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் குதிரைமீதே ஏறி, மிச்சமிருக்கிற படையோடு ராணி வெட்டவெளியில் இறங்குகிறாள். எதிரே பகைவரின் தளபதி. ஆள் பார்ப்பதற்கே மதில் மாதிரி. இரண்டு குதிரைகளும் ஒன்றை நோக்கி ஒன்று பாய்கின்றன. பக்கத்தில் வந்ததும் ராணி வாளை ஒரே வீச்சு வீசுகிறாள். தளபதியின் தலைக்கவசத்து உச்சியில் இருந்த சிவப்புக் குஞ்சம் பறந்து மண்ணில் விழுகிறது. அதைப் பார்த்ததும் அவன் படைக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை.

திரையில் இது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எடுப்பதற்குத்தான் படப்பிடிப்புக் குழு ஒரு வாரமாக அந்த மைதானத்தில் மண் தின்றுகொண்டிருந்தது.

ராணியாக நடித்த நடிகை குதிரையில் ஏறவே இல்லை. அரங்குக்குள் ஒரு பீப்பாயை ஸ்பிரிங் மேல் நிறுத்தி, அதற்குச் சேணம் கட்டி, எதிரே பெரிய மின்விசிறியைச் சுழலவிட்டு, அவள் முகத்தை மட்டும் எடுத்து முடித்திருந்தார்கள். நல்ல பெண். போகும்போது, "அக்கா, வீரம் உங்களுது, பேரு எனக்கு. மனசுல வச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அக்காவுக்குப் பட்டப்பெயர் அம்பு. விட்டால் நேராகத்தான் போவாள் என்று குதிரைக் குழுவில் யாரோ வைத்த பெயர். குழுவுக்குத் தலைவர் அவள் கணவர். படப்பிடிப்பில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். குதிரைகளுக்குப் பாய, நிற்க, பின்னங்காலில் எழும்ப, அடிபட்டதுபோல் விழக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பகைவரின் தளபதியாகக் கவசம் போட்டுக்கொண்டு அம்புவை எதிர்த்து வருவதும் அவர்தான்.

பிரச்சினையே அதில்தான் இருந்தது.

போன வருஷம் வேறொரு படத்தில் இதே மாதிரி ஒரு மோதல். இருவரும் எதிரெதிரே வந்தபோது மாஸ்டருடைய குதிரையின் தோள் அம்புவின் குதிரைமேல் இடித்தது. அம்பு தூக்கி எறியப்பட்டாள். தோள்பட்டை எலும்பு உடைந்தது, இடுப்பு நகர்ந்தது. மாதக்கணக்கில் படுக்கை. மாஸ்டர் அவளுக்குத் தலை வாரிவிட்டார், சோறு ஊட்டினார், மாத்திரை கொடுத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவளைக் குதிரைப் பக்கமே விடவில்லை. சேணங்களுக்கு எண்ணெய் போடும் வேலையைக் கொடுத்து நிழலில் உட்காரவைத்தார். கேட்டால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்பார். டாக்டர் ஏறலாம் என்று சொல்லி எவ்வளவோ நாளாயிற்று.

இந்தப் படத்துக்கு அவளைக் கேட்டது இயக்குநர். மாஸ்டரால் மறுக்க முடியவில்லை. மறுக்கத்தான் முடியவில்லையே தவிர, ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அம்புவுக்குப் பக்கத்தில் வரும்போது அவர் முழங்கை பின்னுக்குப் போனது. கடிவாளம் இறுகியது. குதிரையின் வேகம் குறைந்தது. பகைவர் தளபதி ராணியின்மேல் பாய வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கிப் போனார்.

கடைசியில் ஒரு நாள் மாலை இயக்குநர் பொறுமை இழந்தார்.

"மாஸ்டர், இது சண்டைக் காட்சியா, சம்பந்தி வரவேற்பா?"

குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு தடவை பார்ப்பேன். சரியா வரலன்னா வேற குழுவிலேர்ந்து ஆள் வரச் சொல்லியிருக்கேன். அவனுக்குச் சவுரி வச்சு ராணியா ஏத்திடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

"அவன் மீசைய என்ன சார் பண்றது?" என்றான் மாஸ்டரின் தம்பி. அம்புவுக்குக் கொழுந்தன். எல்லாப் படங்களிலும் முதல் அம்பு பட்டதும் விழுந்து சாகும் சிப்பாய் அவன்தான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"எடுத்துட்டுத்தான் வருவான்" என்றார் இயக்குநர்.

அம்பு அன்று வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மீசை எடுத்தவன் ஏறினால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஒரு முறை இறக்கிவிட்டவரை மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை. மிச்ச வாழ்க்கைக்கும் எண்ணெய்க் கிண்ணமும் சேணமும்தான். மாஸ்டர் சாலையைப் பார்த்து வண்டியை ஓட்டினார். அவர் மனசுக்குள் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஒப்பனைக் கூடாரத்தில் அம்புவுக்குக் கவசம் மாட்டினார்கள். கவசம் என்றால் இரும்பு இல்லை. ரப்பரில் வார்த்து வெள்ளிச் சாயம் பூசியது. வேர்வை மட்டும் நிஜம். தலைக்கவசத்தில் கண்ணுக்கு இரண்டு கீறல். அதன் வழியே பார்த்தால் உலகமே ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் தெரியும்.

வெளியே வந்ததும் குதிரை தயாராக நின்றது. அதுவே அவளுக்கு விசித்திரமாகப் பட்டது. அவர்கள் குழுவில் யார் ஏறுகிறார்களோ அவர்களேதான் சேணம் போட வேண்டும், வயிற்று வாரை அவர்களேதான் இறுக்க வேண்டும். மாஸ்டர் வைத்த சட்டம் அது. இன்னொருவர் இறுக்கிய வாரை நம்பி ஏறுகிறவனுக்கு அவர் குழுவில் இடமில்லை. ஆனால் இன்று அவரே வாரைக் கட்டி முடித்துவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏன் கட்டினீங்க?"

"நேரமாச்சு. வெயில் ஏறுதுன்னு சார் குதிக்கறார். ஏறு."

ராணியின் குதிரையின் பெயர் மாப்பிள்ளை. நல்ல கறுப்பு, வாட்டசாட்டம். காற்றுக்கு ஒரு காகிதம் பறந்தாலும் கோபித்துக்கொள்ளும், தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் கெஞ்ச வேண்டும். அந்த முறுக்குக்காகத்தான் அந்தப் பெயர். இன்று அது தலையிலிருந்து கணுக்கால் வரை போர்க்கோலத்தில் இருந்தது. முகத்தை மூடித் தகட்டு முகமூடி, கழுத்திலிருந்து வால் வரை தொங்கும் சிவப்புப் போர்வை. வெளியே தெரிந்தது நான்கு கறுப்புக் கால்கள் மட்டும்.

கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணி, இன்னிக்கு மாப்பிள்ளை ரொம்ப சாது" என்றான். அண்ணனைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் பார்த்தான்.

அம்பு ஏறினாள். மாஸ்டர் அவள் பாதத்தை மிதிவளையத்தில் சரியாகப் பொருத்தினார். அவர் விரல் நகங்களுக்குள் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அவளுக்கு அது கண்ணில் பட்டது; மனசில் ஏறவில்லை.

நாலு எட்டு நடப்பதற்குள் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை நடந்தால் முதுகு வில் மாதிரி விறைத்திருக்கும். இது தொட்டில் மாதிரி ஆடியது. ஒவ்வொரு எட்டுக்கும் தலையை லேசாக வலது பக்கம் சாய்த்து, ஆமாம் ஆமாம் என்பதுபோல் அசைத்தது.

பெரியம்மா.

லாயத்தில் வயதில் மூத்த பழுப்புப் பெண்குதிரை. யார் ஏறினாலும் சம்மதம், யார் இறங்கினாலும் சம்மதம். அதனால் பெரியம்மா. புருஷன் தன் பெண்டாட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்காக விடிந்தும் விடியாததுமாகப் பெரியம்மாவின் காலுக்குக் கறுப்புச் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்!

அம்புவுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் கோபம் இரண்டு மடங்காக வந்தது. இறங்கிவிடலாமா? இறங்கினால் என்ன என்று கேட்பார்கள். மாஸ்டர் குதிரையை மாற்றிவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவர் மானமும் போகும், அவள் வேலையும் போகும். மீசை எடுத்தவன் ஒப்பனைக் கூடாரத்து வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், மேலுதடு மட்டும் வெளுத்துக் கிடந்தது.

பெரியம்மாவிடமே வேகம் வாங்கிவிடலாம் என்று அம்பு முடிவு செய்தாள். வயதானாலும் குதிரைதானே!

மைதானத்தின் இந்தக் கோடியில் அவள். அந்தக் கோடியில் மாஸ்டர். நடுவில் சுண்ணாம்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டை நெருங்கும்போது அம்பு இடது கடிவாளத்தை ஒரே சுண்டு சுண்டிக் குதிரையை இடப்பக்கம் விலக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு குதிரைகளுக்கும் நடுவே வாள் வீச இடம் கிடைக்கும். மாஸ்டர் நேராக வருவார். விலகுவது அவள் பொறுப்பு.

அவர்கள் படப்பிடிப்பில் ஆக்‌ஷன் என்று யாரும் சொல்வதில்லை. குதிரைகளுக்கு அந்த வார்த்தை தெரிந்துபோய், சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்துவிடும். ஆகவே ஒரு மஞ்சள் கொடியை இறக்குவார்கள்.

கொடி இறங்கியது.

அம்பு குதிகாலால் அழுத்தினாள். பெரியம்மா யோசித்தாள். அம்பு குனிந்து அவள் காதோரம் அதட்டினாள். பெரியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, இளமை திரும்பிவிட்டதுபோல் ஒரு எழும்பு எழும்பிப் பாய்ந்தாள். போர்வை படபடத்தது. பின்னால் ராணியின் படை புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கண் கீறல் வழியே எதிரே சிவப்புக் குஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கோடு நெருங்கியது. அம்புவின் இடது கை கடிவாளத்தைச் சுண்டத் தயாரானது. அந்தக் கணத்தில்தான் அவளுக்கு அது நினைவு வந்தது. கை அப்படியே உறைந்தது.

பெரியம்மாவின் தொழிலே சாவது. இதுவரை அந்தக் குழு வேலை செய்த படங்களிலெல்லாம் போர்க்களத்தில் அடிபட்டு விழுந்த குதிரை அவள்தான். ஓடும்போது இடது கடிவாளத்தைச் சுண்டினால் போதும். பெரியம்மா இடப்பக்கமாகச் சாய்ந்து அப்படியே படுத்துவிடுவாள். யார் சுண்டினார்கள், எதற்குச் சுண்டினார்கள் என்று கேட்க மாட்டாள். இப்போது அவள் விழுந்தால் அம்பு அவளுக்கு அடியில் இருப்பாள். பின்னால் வரும் படை அவர்கள் இருவர்மீதும் ஏறும்.

சுண்டாவிட்டால் மாஸ்டர்மேல் நேராக மோத வேண்டும்.

"பெரியம்மா!" என்று கத்தினாள் அம்பு. தலைக்கவசத்துக்குள் அந்தக் குரல் அவளுக்கே இடியாகக் கேட்டது. "பெரியம்மாங்க! சுண்ட முடியாது!"

மாஸ்டருக்குக் கேட்டதோ, அவள் விலகாமல் வருவதைப் பார்த்தே புரிந்ததோ, அவர் தன் குதிரையை முழு பலத்தோடு மறுபக்கம் திருப்பினார். அந்த இடத்து மண்ணில் புழுதி அடங்கக் காலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குதிரை சறுக்கியது. தளபதி சேணத்திலிருந்து கழன்று, உருண்டு, வேலியோரம் போய்க் குப்புற விழுந்தார். ராணி அவர் கிடந்த இடத்தைத் தாண்டிப் போனாள். அவள் வாள் வீசவே இல்லை.

தளபதி எழுந்து நின்று, கையைக் காலை ஆட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார். குஞ்சம் மட்டும் அவர் தலையில் ஜம்மென்று நின்றது.

இயக்குநர் ஒலிபெருக்கியை எடுத்தார். "மாஸ்டர், அவங்க அடிக்கவே இல்ல. அதுக்குள்ள நீங்களா செத்துட்டா எப்படி?"

"நான் சாக வேண்டிய இடத்துல அண்ணன் செத்துட்டார் சார்" என்றான் கொழுந்தன். இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்தச் சிரிப்பில்தான் அம்புவுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. வேகம் நன்றாக வந்ததாக இயக்குநர் சொன்னார். முன்னைவிட ஆயிரம் மடங்கு தேவலை என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். மீசை எடுத்தவன் எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தான்.

லாயக் கூடாரத்துக்குள் மாப்பிள்ளை கட்டியிருந்தது. தன்னை விட்டுவிட்டுப் போனதற்காக மூக்கைக் கூடாரத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. அம்பு தலைக்கவசத்தைக் கழற்றினாள். மாஸ்டர் பின்னாலேயே வந்தார். அவர் முழங்கை சிராய்த்து ரத்தம் கட்டியிருந்தது.

"சாயம் எப்ப பூசினீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி."

"ஒத்தையாவா?"

"தம்பி வாளி பிடிச்சான்."

"நல்ல குடும்பம்." அவள் தண்ணீர் குடித்தாள். "பெரியம்மாவுக்குச் சாகக் கத்துக் கொடுத்தது யாருங்க?"

மாஸ்டர் நகத்துக்குள் இருந்த சாயத்தைச் சுரண்டினார்.

"எந்தப் பக்கம் சுண்டினா விழும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். "சத்தியமா மறந்துட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்கறது மட்டும்தான் மனசுல இருந்துச்சு. லாயத்துலயே சாது அதுதான்னு... வேற எதுவும் தோணல. குதிரைக்காரனா யோசிக்கல. புத்தி மழுங்கிப் போச்சும்மா."

"நீங்க புருஷனா யோசிச்சீங்க."

"அது தப்பா?"

"வீட்டுல தப்பில்ல."

அவர் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். உருவம் மதில் மாதிரிதான். உட்கார்ந்த விதம் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி இருந்தது.

"போன வருஷம் உன்ன இடிச்சது என் குதிரை" என்றார். "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கொஞ்சம் வேகத்தக் குறைச்சிருந்தா—"

"குறைச்சீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி நேரத்துல கடிவாளத்த இழுத்தீங்க. நான் பார்த்தேன். உங்க முழங்கை பின்னால போச்சு. நீங்க எந்த வேகத்துல வர்றீங்களோ அத வச்சுத்தான் நான் எப்ப விலகணும், எப்ப திரும்பணும்னு கணக்குப் போடறேன். நீங்க குறைச்சதும் என் கணக்கு தப்பிப் போச்சு. நீங்க தாண்டிப் போயிருப்பீங்கன்னு நினைச்சு, விலகினவ சீக்கிரமே உள்பக்கம் திரும்பிட்டேன். உங்க குதிரை தோளுக்கு நேரா நானே வந்து நின்னேன்."

"இத ஏன் நீ சொல்லல?"

"படுத்துக் கிடந்தவ தலைய வாரிவிட்டுட்டு இருந்தீங்க. அப்ப எப்படிச் சொல்றது?"

வெளியே யாரோ குதிரைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பெரியம்மாவின் காலைக் கழுவிவிட்டுக் கொழுந்தன் அவளோடு ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாம எத்தனை படத்துல மோதியிருப்போம்?" என்றாள் அம்பு. "அப்ப எதிர்ல வந்தவங்க எல்லாருமே பொம்பளைன்னு பார்த்து இழுத்தாங்க. அத்தனை பேரும் கனிவாத்தான் இழுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் அப்படியே வந்தீங்க. அதப் பார்த்துத்தான் உங்களக் கட்டிக்கிட்டேன். உங்க அழகுக்கா கட்டிக்கிட்டேன்?"

மாஸ்டர் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான். ஆனா எதிர்ல வர்றது என்ன செய்யும்னு தெரிஞ்சா பயத்த வச்சுக்கிட்டே ஓட்டிடுவேன். தெரியாம ஓட்ட முடியல."

மாப்பிள்ளையின் பக்கத்தில் போய் அதன் கழுத்தைத் தடவினாள். அது காதைப் பின்னுக்கு மடித்தது. அவள் கெஞ்சினாள், கொஞ்சினாள், ராஜா என்றாள், தங்கம் என்றாள், இனிமேல் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். மாஸ்டர் வைக்கோல் கட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முழங்கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, தன் குதிரையைப் பார்க்கப் போனார். அவர் ஒன்றுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றையும் மறுக்கவும் இல்லை.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் மறுபடி கொடி ஏறியது.

மாப்பிள்ளை நின்ற இடத்தில் நிற்காமல் மண்ணைப் பறித்தது. அம்பு அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு அந்தக் கோடியைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் அவர் முகம் தெரியாது. தெரிந்தாலும் தலைக்கவசம் மறைத்திருக்கும். குஞ்சம் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவர் இழுப்பாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் வாய் கொடுக்கிற வாக்கைக் கை காப்பாற்றுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கொடி இறங்கியது.

மாப்பிள்ளைக்கு அதட்டல் வேண்டியிருக்கவில்லை. காதில் காற்று அடைத்தது. பின்னால் வந்த படை இல்லாததுபோல் ஆகிவிட்டது. புள்ளி குஞ்சமாயிற்று, குஞ்சத்துக்குக் கீழே தலை வந்தது, தோள் வந்தது. அம்பு முகத்தைப் பார்க்கவில்லை. வாளைப் பார்க்கவில்லை. அவர் முழங்கையை மட்டுமே பார்த்தாள்.

முழங்கை நடுங்கியது. கண்ணுக்குத் தெரியும்படி நடுங்கியது. பிறகு அது முன்னுக்குப் போனது. கடிவாளம் தளர்ந்து, குதிரையின் கழுத்து நீண்டது. எதிரே வருகிற குதிரை அவள்மேல் முழு வேகத்தில் வந்தது.

கோட்டருகே அம்பு இடது கையைச் சுண்டினாள். மாப்பிள்ளை காற்றில் திரும்பியதுபோல் விலகியது. நடுவே ஓர் இடைவெளி திறந்தது. அதில் வாள் போனது. கைக்கு லேசாக ஏதோ தட்டுப்பட்டது, பூவைக் கிள்ளியதுபோல். இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று கடந்தன. பின்னால் கொழுந்தன் முதல் ஆளாக விழுந்து செத்தான்.

இயக்குநர் ஒலிபெருக்கியில் ஏதோ கத்தினார். அது சந்தோஷக் கத்தலாகத்தான் இருக்க வேண்டும். மீசை எடுத்தவன்கூட எழுந்து நின்று கை தட்டினான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அவ்வளவு வேகத்தில் வந்த குதிரைகள் உடனே நிற்காது. அம்புவை மாப்பிள்ளை மைதானத்தின் ஒரு கோடிவரை இழுத்துக்கொண்டு போனது. மாஸ்டர் மறு கோடியில் வேலி அருகே போய் நின்றார். நடுவில் புழுதி எழுந்து ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் மறைத்தது. இருவரும் அவரவர் இடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். பிறகு அவசரமே இல்லாமல் குதிரைகளைத் திருப்பி, அந்தப் புழுதிக்குள் நடக்கவிட்டார்கள்.